பாட்டி குடித்த அதே கம்பு, எனக்கு மட்டும் ஏன் சர்க்கரை ஏறியது?

கேள்வி: எனக்கு 54 வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர், விருதுநகரில் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். நான்கு மாதத்துக்கு முன்பு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.6 இருந்தது. பாரம்பரிய உணவுக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னதால் அரிசியைக் குறைத்தேன். காலையில் சிறுதானியச் சத்துமாவுக் கஞ்சி இரண்டு டம்ளர், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை. இரவில் கம்பு தோசை அல்லது குதிரைவாலிப் பொங்கல். மாத்திரையையும் பாதியாக்கிக்கொண்டேன். இப்போது 8.9 காட்டுகிறது. எங்கள் பாட்டி கம்மங்கூழ் குடித்தே 90 வயது வரை இருந்தார். எங்கே தவறு? தைராய்டு மாத்திரை எடுக்கும் என் மனைவி கம்பு சாப்பிடலாமா?

பதில்: முதலில் மாத்திரை விஷயம். நாளைக்கே உங்கள் மருத்துவரிடம் போய், பாதியாகக் குறைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். 8.9 வந்ததில் அந்தப் பாதி மாத்திரைக்கும் பெரிய பங்கு உண்டு. உணவால் சர்க்கரை இறங்கும்போது மாத்திரையைக் குறைக்கலாம், நானே பலருக்குக் குறைத்திருக்கிறேன். ஆனால் எண் இறங்கிய பிறகு குறைப்பது வேறு, இறங்கும் என்று நம்பிக் குறைப்பது வேறு.

இனி கஞ்சிக்கு வருவோம். சத்துமாவு எதற்காக ஏற்பட்டது? பால் மறக்கும் குழந்தைக்கு, நோயில் இளைத்தவருக்கு, சீக்கிரம் செரித்து உடம்பில் ஒட்ட வேண்டும் என்பதற்காக. அதனால்தான் தானியத்தை முளைகட்டி, வறுத்து, நைசாக அரைக்கிறோம். அந்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் வயிற்றுக்கு வேலையே இல்லை, மெல்லும் வேலைகூட இல்லை. இரண்டு டம்ளருக்கு 60 கிராம் மாவு என்று வைத்தால் அதிலேயே சுமார் 40 கிராம் மாவுச்சத்து. அதன்மேல் நான்கு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை. வெல்லமோ, கருப்பட்டியோ, நாட்டுச்சர்க்கரையோ, பெரும்பகுதி சர்க்கரைதான். நிறம் மாறியதால் ரத்தத்தில் ஏறும் வேகம் மாறாது. கூடவே ஒரு கரண்டிப் பருப்பு இல்லை, காய் இல்லை. குழந்தைக்கான உணவை, எடை குறைய வேண்டிய வயதில் குடித்து வந்திருக்கிறீர்கள்.

கம்பின் மேல் குறை சொல்லவில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் கம்பில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல். தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. இரும்புச்சத்து கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் மாவுச்சத்தைப் பாருங்கள்: அரிசியில் 78 கிராம், கம்பில் 62. குறைவுதான், இல்லாமல் போய்விடவில்லை. அளவு பார்க்காமல் சாப்பிட்டால் கம்பும் ஏற்றத்தான் செய்யும்.

உங்கள் பாட்டி சாப்பிட்ட விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நானும் கரிசல் காட்டில் வளர்ந்தவன்தான். என் அப்பத்தா கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து, உரலில் போட்டு இடிப்பார். சொளகில் புடைத்து மேல்தோலை மட்டும் போக்குவார். மறுபடி இடிப்பார். மாவாக விடமாட்டார், குருணை குருணையாக நிற்கும். அதை மண்பானையில் துடுப்பால் கிண்டிக் கிண்டிக் கெட்டியாக்கி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைப்பார். மறுநாள் லேசாகப் புளித்திருக்கும். அந்தப் புளிப்பு வெறும் ருசிக்காக இல்லை. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிக்கும்போது குறைகிறது. உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் களைவெட்டப் போவார்கள். மத்தியானம் கம்மஞ்சோற்றுக்கு மொச்சைக் குழம்போ, தட்டப்பயறோ, கருவாடோ, காட்டில் பறித்த கீரையோ இருக்கும். இட்லி தீபாவளிக்கு வந்தது. கருப்பட்டிப் பணியாரம் திருவிழாவுக்கு வந்தது. கம்பு மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. பயறு, கீரை, மோர், வெயிலில் நாள் முழுக்க உழைப்பு, இனிப்பு அபூர்வமாக இருந்தது என எல்லாம் சேர்ந்துதான் காப்பாற்றின. நாம் அதிலிருந்து தானியத்தை மட்டும் பிரித்து எடுத்து, சர்க்கரை போட்டுக் குடிக்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் உங்கள் மண்ணின் சாப்பாடு சர்க்கரை நோயாளிக்கு மிகப் பொருத்தமான சாப்பாடு.

காலையில் கஞ்சியை நிறுத்துங்கள். அதற்குப் பதில் 50 கிராம் கம்பை ரவை பதத்துக்கு உடைத்து, கெட்டியாக வேகவைத்து, உருண்டையாகவே மோருடன் சாப்பிடுங்கள். கூடவே ஒரு கிண்ணம் தட்டப்பயறு அல்லது பாசிப்பயறு சுண்டல் இருக்க வேண்டும். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்று அவித்து வைத்துக்கொள்ளலாம். இரவில் குதிரைவாலிச் சோறு ஒரு கிண்ணம் போதும், சாம்பாரும் பொரியலும் சோற்றைவிட அதிகமாகத் தட்டில் இருக்கட்டும். பொங்கலாக்கி நெய் ஊற்றுவது மாதத்தில் ஒருநாள் போதும். முருங்கைக்கீரையை வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது சேருங்கள், கரிசலில் எந்த வீட்டுக் கொல்லையிலும் ஒரு மரம் நிற்கும்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். பளீரென்று வெள்ளை ரவை போல இருக்கும் குதிரைவாலி, தவிடு முழுக்கத் தீட்டியது. லேசான பழுப்பு இருக்க வேண்டும். கம்பை அரைத்து வைத்தால் அதிலுள்ள எண்ணெய்ச்சத்தால் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும், இது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பாக்கெட்டில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்றால் தவிடும் முளையும் போயிருக்கலாம், அல்லது சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். முழுக் கம்பாக வாங்கி வாராவாரம் கொஞ்சமாக உடைத்துக்கொள்வதே நல்லது.

நம் பழைய சாப்பாட்டில் ஒரே ஒரு பகுதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்: மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு. வியர்வை கொட்ட உழைத்தவர்களுக்கு அந்த உப்பு தாங்கியது. கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். உப்பு மொத்தமாக நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிக்குள்.

எது ஒத்துக்கொள்கிறது என்பதை உங்கள் ரத்தமே சொல்லும். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, முதல் கவளம் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒருநாள் கம்பு உருண்டை, ஒருநாள் இட்லி, ஒருநாள் கேப்பைக் களி என்று எழுதிவைத்து, அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து வெகுநாளாகிறது என்றால் அதையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் பயறு, கீரை அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவிக்கு: கம்பில் உள்ள சில பொருள்கள் தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்யக்கூடியவை. மூன்று வேளையும் கம்பே உணவு என்று இருப்பவர்களுக்கு, அதிலும் அயோடின் போதாதவர்களுக்குத்தான் அது பிரச்சினை. வாரத்தில் இரண்டு நாள் கம்பு, மற்ற நாள்களில் சோளம், குதிரைவாலி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடட்டும், சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்தே கூழோ காபியோ குடிக்கச் சொல்லுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகள் எடுத்தால் அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.