கேள்வி – பதில்: இலவச உரிமம் முடிகிற நாளில்

தகுதி பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு, வேர்டு, எக்செல், மின்னஞ்சல் எல்லாம் அடங்கிய மைக்ரோசாப்ட் 365 பிசினஸ் பிரீமியம் என்ற தொகுப்பில் பத்து உரிமங்கள் வரை மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கி வந்தது. 2025 ஜூலை 1 முதல் புதுப்பிக்க வேண்டிய சந்தாக்களுக்கு இந்த நன்கொடை கிடையாது என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆபீஸ் 365 இ1 என்ற இன்னொரு தொகுப்பின் நன்கொடையும் அத்துடன் முடிவுக்கு வந்தது. பதிலாக, பிசினஸ் பேசிக் என்னும் எளிய தொகுப்பு 300 பேர் வரை இலவசம். பிரீமியமே வேண்டும் என்பவர்களுக்கு 75 சதவீதம் வரை தள்ளுபடி. இது தொடர்பாக வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை மகளிர் சுயஉதவிக் குழுக்களுடன் பணிபுரிகிறது. அலுவலகத்தில் பத்துப் பேருக்கும் பிரீமியம் உரிமம் இருக்கிறது. பேசிக்குக்கு மாறினால் பழைய மின்னஞ்சல்களும் கோப்புகளும் போய்விடுமா? இல்லாவிட்டால் பத்துப் பேருக்கும் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?
– அலுவலகப் பொறுப்பாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முறையாக மாற்றினால் போகாது. இரண்டு தொகுப்புகளிலும் ஒருவருக்குக் குறைந்தது 50 ஜிபி அஞ்சல் பெட்டியும், ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்தில் 1 டிபி இடமும் உண்டு என்பதால், இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் மாற்றும் வரிசை முக்கியம். ஒவ்வொருவருக்கும் முதலில் பேசிக் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பிரீமியத்தை எடுக்க வேண்டும். முதலில் எடுத்துவிட்டு, 'நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம்' என்று ஒருவரை மறந்துவிட்டால், உரிமம் இல்லாத அவரது அஞ்சல் பெட்டி 30 நாள் மட்டுமே காத்திருக்கும்.

போவது வேறு மூன்று. முதலாவது, கணினியில் நிறுவியிருக்கும் வேர்டும் எக்செல்லும். உரிமம் போன பிறகு இவற்றில் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. பேசிக் தொகுப்பில் உலாவியிலும் கைப்பேசியிலும் இயங்கும் வேர்டும் எக்செல்லும் மட்டும்தான். இரண்டாவது, மடிக்கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் இன்ட்யூன் வசதி. மூன்றாவது, எந்த இடத்திலிருந்து, எந்தக் கருவியிலிருந்து உள்ளே வரலாம் என்று நிபந்தனை விதிக்கும் பாதுகாப்பு வசதி. இந்த மூன்றாவது போனதே பல அலுவலகங்களில் யாருக்கும் தெரிவதில்லை. கணக்கு திருடுபோன பிறகுதான் தெரியும். அதற்கு ஈடாக 'செக்யூரிட்டி டீஃபால்ட்ஸ்' என்ற அமைப்பை நிர்வாகப் பக்கத்தில் இயக்கி வையுங்கள். அது இலவசம், கடவுச்சொல்லுக்கு மேல் கைப்பேசியில் இரண்டாவது சரிபார்ப்பையும் எல்லாருக்கும் கட்டாயமாக்கும்.

இன்ட்யூனில் சேர்த்த மடிக்கணினிகளில் வட்டு பெரும்பாலும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலோ பயாஸ் என்ற தொடக்க மென்பொருளைப் புதுப்பித்தாலோ ஒரு நாள் காலை நீலத்திரை தோன்றி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் அமைப்பின் மைக்ரோசாப்ட் கணக்கில் கிடக்கிறது. சந்தாவில் கை வைப்பதற்கு முன்பே, ஒவ்வொரு கணினியின் சாவியையும் கணினியின் வரிசை எண்ணோடு தாளில் அச்சிட்டு, அறக்கட்டளைப் பத்திரம் இருக்கும் அதே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கேட்டால் சிரிப்பு வரலாம்; ஆனால் ஐந்தாண்டுக் களஆய்வு மடிக்கணினிக்குள்ளேயே சிறைப்பட்டுப் போகாமல் காப்பது அந்தத் தாள்தான்.

இனி பணம். பத்துப் பேருக்கும் கட்டத் தேவையில்லை. 'உங்களுக்கு வேர்டு வேண்டுமா' என்று கேட்டால் எல்லாரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள்; ஆகவே கேட்காதீர்கள், ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். களப்பணியாளர்கள் நாள் முழுதும் கைப்பேசியில்தான் இருப்பார்கள். படிவம் நிரப்புவது, படம் அனுப்புவது, அஞ்சல் பார்ப்பது என்று அவர்கள் வேலை பேசிக்கிலேயே முடிந்துவிடும். கணக்காளருக்கும், நீண்ட அறிக்கைகளைத் தயாரிப்பவருக்கும், குழுத் தரவுகளை எக்செல்லில் கையாள்பவருக்கும்தான் முழுத் தொகுப்பு தேவைப்படும். லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு அமெரிக்காவில் அறிவித்த தள்ளுபடி விலை ஒருவருக்கு மாதம் 5.50 டாலர், பத்துப் பேருக்கு ஆண்டுக்கு 660 டாலர், மூவருக்கு 198 டாலர். ரூபாய் விலையை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் சம்பளப் பட்டியல் எக்செல் மேக்ரோவில் ஓடுகிறது. பழைய கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பணமே கட்டாமல் லிப்ரே ஆபீஸுக்கு மாறிவிடலாம் என்கிறார் புதிதாகச் சேர்ந்த தம்பி. மாறலாமா?
– கணக்காளர், மதுரை

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. லிப்ரே ஆபீஸ், ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் வளர்ந்துவரும் மென்பொருள். அது யாரும் தந்த நன்கொடை அன்று, கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. ஆகவே யாரும் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாது. கடிதம், நிகழ்ச்சிக் குறிப்பு, வரவேற்புப் பலகை வாசகம் போன்றவற்றுக்கு அது தாராளமாகப் போதும். நன்கொடையாளர்களுக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி மாற்றி அச்சிடும் மெயில் மெர்ஜ் வசதியும் அதில் உண்டு. உலாவியில் இயங்கும் வேர்டில் அது கிடையாது. ஆண்டு இறுதியில் நன்றிக் கடிதம் அனுப்பும் அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றப் பாதி உங்கள் மேக்ரோ, அதாவது கணக்குகளைத் தானாகப் போட எக்செல்லுக்குள் எழுதிவைத்த சிறு நிரல். உலாவியில் இயங்கும் எக்செல்லில் மேக்ரோ ஓடவே ஓடாது. லிப்ரே ஆபீஸில் சில ஓடும், சில பாதியில் நிற்கும், சில ஓடிவிட்டுத் தவறான தொகையைக் காட்டும், மூன்றாவதுதான் ஆபத்து. ஆகவே கடந்த மூன்று மாதங்களின் சம்பளப் பட்டியலைப் படியெடுத்து, லிப்ரே ஆபீஸில் ஓட்டி, ஏற்கெனவே வழங்கிய தொகையுடன் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். பிஎஃப் பிடித்தத்தில் ஒரு ரூபாய் வேறுபட்டால்கூட, அந்த ஒரு கணினிக்கு மட்டும் பிரீமியம் உரிமத்தை விலைக்கு வாங்கிவிடுவதே நல்லது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரின் இரண்டு நாள் உழைப்பு, ஓர் ஆண்டுச் சந்தாவை விட மதிப்புள்ளது.

பாமினி வேறு சிக்கல். அதற்கும் உரிமத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் கணினி மாறும்போது வெளியே வந்துவிடும். பாமினியில் 'அம்மா' என்று தெரிகிற சொல் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசையாகத்தான் கோப்பில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அப்படியேதான் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியவைக்கும் யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் நம் அலுவலகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவசக் கருவிகள் பல உண்டு. ஆனால் முழுக் கடிதத்தையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும்கூட அவை பாமினி என்று எண்ணிப் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அறப்பத்திரம், தீர்மானப் புத்தகம், நிரந்தர ஒப்பந்தங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். பழைய அழைப்பிதழ்களை விட்டுவிடலாம்.

கேள்வி: எங்களுக்குக் கணினி பழுது பார்ப்பவர் 500 ரூபாய்க்கு 'ஆயுள் உரிமம்' போட்டுத் தருகிறேன் என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
– முதியோர் இல்லப் பொறுப்பாளர், சேலம்

பதில்: வேண்டாம். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் திருட்டுப் படிதான். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி, திருட்டுப் படி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் 50 ஆயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சலுகை பெற்றுத் தரும் 80ஜி சான்றிதழ் வைத்திருக்கும் அமைப்புக்கு இது தேவையில்லாத வேலை.

கேள்வி: இலவசமாக வந்தது நின்றுவிட்டது. இப்போது சந்தா கட்ட வேண்டும் என்றால் நிதி தருபவர்கள் 'நிர்வாகச் செலவு' என்று சொல்லி மறுக்கிறார்கள். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு வேறு கட்டுப்பாடு இருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?
– அறங்காவலர், சென்னை

பதில்: வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. வாடகை, மின்கட்டணம், தணிக்கைக் கட்டணம் எல்லாம் போன பிறகு அந்த 20-இல் மிஞ்சுவது சொற்பமே என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் எல்லா மென்பொருளும் அலுவலகச் செலவு அல்ல. கிராமத்தில் ஊட்டச்சத்து விவரம் சேகரிக்கும் ஒருவர் அந்த வேலைக்கென்றே பயன்படுத்தும் உரிமம் திட்டத்தின் செலவு. வரவேற்பறைக் கணினியில் இருப்பது நிர்வாகச் செலவு. எது எதில் சேரும் என்பதை உங்கள் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர் சொல்வதை அடுத்த திட்ட முன்மொழிவின் வரவு செலவுப் பக்கத்தில் தனி வரியாகப் போடுங்கள். 'இதர செலவு' என்பதற்குள் ஒளித்து வைத்தால், நிதி தருபவர் முதலில் வெட்டுவதும் அந்த வரியைத்தான்.

இதில் நம் பக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. ஒருவர் பத்து மூட்டை அரிசி கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் எழுதி ரசீது போடுகிறோம். ஆண்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள மென்பொருள் உரிமம் இலவசமாக வந்தால் எங்குமே எழுதுவதில்லை. அதனால் அது நின்றபோது, புதிதாக ஒரு செலவு முளைத்ததாக நிர்வாகக் குழு நினைக்கிறது. உண்மையில் இருந்த செலவுதான், அதுவரை வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிற அலுவலகங்களில் டேலியைப் பற்றி யாரும் பதறுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆகவே இன்றே ஒரு பதிவேடு தொடங்குங்கள். மென்பொருளின் பெயர், எத்தனை உரிமம், புதுப்பிக்கும் நாள், விலைக்கு வாங்கினால் என்ன தொகை, நிர்வாகக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது ஆகிய ஐந்து பத்திகள் போதும். கடைசிப் பத்தியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நான் உதவப் போன ஓர் அலுவலகத்தில், உரிமம் முடிகிறது என்ற அறிவிப்பு நான்கு முறை வந்திருந்தது. வந்து சேர்ந்ததோ, திருமணமாகி வெளிநாடு போய்விட்ட முன்னாள் தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலுக்கு. இரண்டாவது சரிபார்ப்புக் குறியீடும் அவருடைய பழைய கைப்பேசி எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. உள்ளே நுழையவே எங்களுக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

கேள்வி: மைக்ரோசாப்டை விட்டுவிட்டு ஒரேயடியாகக் கூகுளுக்குப் போய்விடலாமா? அது எப்போதும் இலவசம்தானே?
– சிறப்புக் குழந்தைகளுக்கான அமைப்பின் செயலாளர், திருச்சி

பதில்: அஞ்சலும் ஆவணச் செயலிகளும் சேர்ந்த கூகுள் ஒர்க்ஸ்பேஸ் தொகுப்பு லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு இன்று இலவசமாகக் கிடைக்கிறது, அமைப்பு முழுவதற்குமாகச் சேர்த்து 100 டிபி இடம் தருகிறார்கள். பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அமைப்புகள் ஆகியவை இந்தத் திட்டத்தில் சேர முடியாது; உங்கள் அமைப்பு பள்ளியாகப் பதிவாகியிருந்தால், கல்வி நிறுவனங்களுக்கென்று உள்ள வேறு திட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

'எப்போதும்' என்ற சொல்லுக்கு மட்டும் நான் பொறுப்பேற்க மாட்டேன். சிறு அமைப்புகளும் குடும்பங்களும் பயன்படுத்திய கூகுள் ஆப்ஸின் (ஒர்க்ஸ்பேஸின் பழைய பெயர்) இலவசப் பதிப்பில் புதியவர்களைச் சேர்ப்பதை 2012 டிசம்பரில் நிறுத்தினார்கள். பழையவர்களும் பணம் கட்ட வேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, வணிக நோக்கமின்றிச் சொந்தமாகப் பயன்படுத்துவோர் தொடரலாம் என்று தளர்த்தினார்கள். அது தொண்டு அமைப்புகளுக்கான திட்டம் அன்று. ஆனாலும் பத்தாண்டு இலவசமாக இருந்த ஒன்று ஒரே அறிவிப்பில் மாறலாம் என்பதற்கு மைக்ரோசாப்ட் மட்டுமே உதாரணம் இல்லை.

என் கருத்து இது. நீங்கள் ஐந்தாறு பேர், வேலையெல்லாம் கைப்பேசியிலும் அஞ்சலிலும்தான் என்றால் போகலாம். ஷேர்பாயின்ட் என்ற மைக்ரோசாப்ட் கோப்புப் பகிர்வுத் தளத்தில் பல ஆண்டுக் கோப்புறைகள், எக்செல் சூத்திரங்கள், பணியாளர்களின் பழக்கம் என்று வேரோடிவிட்ட இடம் என்றால், பேசிக் இலவசமாகக் கிடைக்கும்போது கூகுளுக்கு மாறுவதால் மிச்சமாகும் பணத்தை விட வீணாகும் நாட்கள் அதிகம்.

போவது என்று முடிவு செய்தால், முதலில் உங்கள் இணையதளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இணையதளம் வடிவமைத்துத் தந்தவரின் பெயரில் இருந்தால் அதை அமைப்பின் பெயருக்கு மாற்றிய பிறகே மற்ற வேலை. பழைய அஞ்சல்களை இடமாற்றும் வேலை முடிந்ததும், அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்கிற எம்எக்ஸ் பதிவை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றுங்கள்; சனி, ஞாயிறில் வந்து சேராமல் போன அஞ்சலைத் தேட அவகாசம் இருக்கும். பழைய பெட்டிகளை உடனே மூடிவிட வேண்டாம். ஒரு மாதமாவது திறந்து வைத்து, தினமும் காலையில் ஒருவர் அவற்றை எட்டிப் பார்க்கட்டும்.