படத்தில் தெரியும் தோல், படத்தில் தெரியாத நோய்: கேள்வி பதில்

பாடநூல் படங்களில் அழற்சி எல்லாம் சிவப்பாக இருக்கிறது. ஓ.பி.யில் வருபவர்களிடம் அந்தச் சிவப்பே தெரிவதில்லை. எப்படிப் படிப்பது? (மருத்துவ மாணவி)

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பழைய பாடநூல் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அதே அழற்சி ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். இளஞ்சிவப்பைத் தேடிப் பழகிய கண், நம் ஊரில் சொரியாசிஸைத் தவறவிட்டுவிடும். அதனால் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உடம்பில் எந்த இடம், இரு பக்கமும் வந்திருக்கிறதா, விளிம்பு தெளிவாக இருக்கிறதா, செதில் எங்கே உதிர்கிறது என்று முதலில் பாருங்கள். பத்து நோய்க்கு ஒவ்வொரு படம் பார்ப்பதைவிட, ஒரே நோயைப் பத்துப் பேர் தோலில் பாருங்கள். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முகுவெண்டே, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் கருந்தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கையேடு ஒன்றை வெளியிட்டார். ஒரு மாணவர் தொடங்கிய வேலை அது. உங்கள் கல்லூரியிலும் தொடங்கலாம்.

தொடையிடுக்கில் அரிப்பு. இணையத்தில் பார்த்த படர்தாமரைப் படம் போல இல்லை. டாக்டர் மட்டும் படர்தாமரை என்கிறாரே?

மருந்துக்கடையில் கேட்டு ஏதாவது க்ரீம் வாங்கிப் போட்டீர்களா? அப்படி விற்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. படத்தில் பார்த்த அந்த அழகான வளையம் கலைந்து, விளிம்பு மங்கி, சிலருக்கு வளையத்துக்குள் வளையமாக வரும். இந்த நிலையில் எந்தப் படமும் உதவாது. விளிம்பில் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். முதலில் அந்த க்ரீமை டாக்டரிடம் காட்டுங்கள்.

என் பெண்ணுக்குக் கன்னத்தில் வெளிறிய தேமல். படம் அனுப்பினால் தொழுநோயா என்று சொல்வீர்களா?

படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், அம்மா. பயப்படவும் வேண்டாம். பிள்ளைகளின் கன்னத்தில் லேசான செதிலோடு வரும் வெளிறல் பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்ற சாதாரணத் தோல் பிரச்சினைதான். தானாகவே மறையும். ஆனால் தொழுநோயின் முக்கிய அடையாளம் உணர்ச்சி குறைவது. அதைத் தொட்டுத்தான் அறிய முடியும். முகத்தில் வரும் தேமலில் உணர்ச்சி மிச்சமிருக்கவும் கூடும் என்பதால், நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒருவேளை தொழுநோயாகவே இருந்தாலும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுமையாகக் குணமாகும்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் கொப்புளம். அக்கி என்று காவியால் எழுதிவிட்டார்கள். அதோடு படம் எடுக்கலாமா?

படம் எடுக்க நேரம் செலவழிக்காதீர்கள், இன்றே கூட்டிப் போங்கள். அக்கி வைரஸால் வருவது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால் பலன் அதிகம். கொப்புளம் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும்.

மச்சத்தைப் படம் எடுத்தால் புற்றுநோயா என்று சொல்லும் செயலிகளை நம்பலாமா?

முடிவாக நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சுமார் 1,29,000 படங்களைக் கொடுத்துப் பழக்கிய கணினியைப் பற்றி 2017-இல் கட்டுரை வந்தது. பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படங்களைப் புற்றுநோய் என்று சொல்லும் போக்கு அதற்கு இருந்ததாக அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே பின்னர் எழுதினார்கள். சந்தேகப்படும் மச்சத்துக்குத்தானே டாக்டர் அளவுகோல் வைப்பார்! நம் நிறத்தவர்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நக அடி மூன்றையும் பாருங்கள். பாடகர் பாப் மார்லிக்கு வந்த மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கால் விரல் நகத்தடியில்தான் இருந்தது.

டாக்டருக்கு அனுப்பும் படத்தை எப்படி எடுப்பது?

ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ், ஃபில்டர் இல்லாமல். எண்ணெய், பவுடர், மஞ்சள் எல்லாம் துடைத்துவிட்டு, தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் போதும். எப்போது வந்தது, இரவில் அரிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்றும் எழுதுங்கள். இரவு அரிப்பும் வீட்டில் இன்னொருவருக்கு அரிப்பும் சேர்ந்தால், படத்தைத் திறக்கும் முன்பே சிரங்கு என்று சந்தேகப்படுவேன்.