மூலிகைச் சாறும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்: வாசகர் கேள்விகள்

குரோம்பேட்டை மாணவி: நொச்சி இலையின் எத்தனால் சாறு, இ.கோலை ஏ.டி.சி.சி. 25922 கிருமியின் மீது, கிருமி வளராத 18 மி.மீ. வட்டமும், சிப்ரோஃப்ளாக்சசின் மருந்து ஊறிய காகித வில்லை 16 மி.மீ. வட்டமும் தந்தன. நொச்சியே வலிமையானது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. நீங்கள் எடுத்தது மருந்துக்கு எளிதில் அடங்கும் தரநிலைக் கிருமி. அதன் மீது அந்த வில்லை ஏறத்தாழ 30 மி.மீ. வட்டம் தந்தே ஆக வேண்டும். 16 வந்திருந்தால் வில்லை கெட்டுப்போயிருக்கிறது, அல்லது சோதனையில் பிழை நேர்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் நொச்சிக்கு மகுடம் சூட்டும் ஆய்வேடுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன்; ஒவ்வொரு முறையும் வருத்தமே மிஞ்சுகிறது. வில்லையில் இருப்பது 5 மைக்ரோகிராம். கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் வெட்டிய குழிக்குள் நீங்கள் ஊற்றியது 5 மில்லிகிராம் என்றால், ஆயிரம் மடங்கு கூடுதலாக ஊற்றிவிட்டு ஒப்பிடுகிறீர்கள். வட்டத்தின் அகலம் வீரியத்தை மட்டுமல்லாமல், அந்தப் பொருள் அகாரில் எவ்வளவு தொலைவு பரவும் என்பதையும் பொறுத்தது. ஆகவே எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு, எவ்வளவு என்று பாருங்கள், வெறும் எத்தனாலை மட்டும் ஊற்றிய குழியையும் உடன் வையுங்கள். கிருமிகளின் மருந்து எதிர்ப்பாற்றலைப் பற்றி எழுத விரும்பினால், எதிர்ப்பாற்றல் உள்ள கிருமியிலேயே சோதியுங்கள். பல மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்னும் கிருமி நொதியைப் பற்றி 2010இல் வெளிவந்த ஆய்வில் சென்னையில் சேகரித்த கிருமிகளும் இருந்தன என்பது நினைவிருக்கட்டும்.

அம்பத்தூர் வாசகர்: எல்லாக் கிருமிகளையும் கொல்லும் மூலிகை எது?

அப்படி ஒன்று இல்லை. எந்தக் கிருமி, செடியின் எந்தப் பகுதி, எந்தக் கரைப்பான், என்ன அளவு என்று எழுதாத கேள்விக்கு இதற்கு மேல் பதில் சொல்ல இயலாது.

மயிலாப்பூர் வாசகர்: மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் ஏன் மருந்தாகவில்லை?

ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அதை நார்-ஏ என்னும் பம்பின் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரிஸ் இனச் செடிகள் சில அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு பொருளையும் தாமே உண்டாக்குகின்றன என்பது 2000இல் தெரியவந்தது. மிளகின் பைப்பரினும் ஆய்வகத்தில் அதே வேலையைச் செய்கிறது. தனித்துக் கொல்லும் சாற்றைத் தேடுவதைவிட, பழைய மருந்துக்குத் துணைநிற்கும் பொருளைத் தேடுவதையே நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன். ஆயினும் பெர்பெரின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. தட்டில் கிடைத்த அளவை உடலில் எட்ட முடியுமா என்பதை முதலில் பாருங்கள்.

வில்லிவாக்கம் வாசகி: அம்மாவின் சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி. கல்ச்சர் ரிப்போர்ட்டில் பெரும்பாலான மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ என்று இருக்கிறது. ஊசியை நிறுத்திவிட்டு நிலவேம்புக் குடிநீர் தரலாமா?

நிறுத்தாதீர்கள், அம்மா. ‘ஆர்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது, ‘எஸ்’ என்றால் அடங்கும் என்று பொருள். ‘எஸ்’ என்று குறித்த மருந்துகளில் எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். குடிநீர் ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதையும் இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் கண்டால் காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.