கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 67 வயது. பத்து வருடமாக ரத்த அழுத்தம் இருக்கிறது. அடிக்கடி படபடப்பு வந்ததால் இசிஜி எடுத்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்று சொல்லி டில்டியாசெம், அபிக்ஸபான் மாத்திரைகள் தந்தார்கள். இதயச் செல்லுக்குள் கால்சியம் கசிவதால் இப்படி ஆகிறது என்றார் டாக்டர். எலும்புத் தேய்மானத்துக்காகத் தினமும் 500 மி.கி. கால்சியம் மாத்திரை, காலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் பால் எடுத்துக்கொள்கிறேன். இவற்றை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மி.கி. வரை இருக்கும்படி பாராதைராய்டு சுரப்பியும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் கூழை விட்டுவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவைச் சரிக்கட்டும். இதயச் செல்லுக்குள் நடக்கும் கசிவு ஒரு துளியும் குறையாது, எலும்புதான் இன்னும் தேயும்.

அந்தக் கசிவு என்ன என்பதைச் சொல்கிறேன். ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லுக்குள், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியம்தான் கட்டற்று உலவுகிறது. மீதியெல்லாம் செல்லுக்குள் இருக்கும் ஒரு கிடங்கில் அடைபட்டிருக்கும். மின்தூண்டல் வந்ததும் செல் சவ்வு வழியாகச் சிறிது கால்சியம் உள்ளே நுழையும். அது கிடங்கின் மதகைத் திறந்துவிடும். ரயனோடின் ஏற்பி என்ற புரதம்தான் அந்த மதகு. பாய்ந்துவரும் கால்சியத்தால் தசை சுருங்கும். சுருங்கி முடிந்ததும் செர்கா என்ற பம்பு பெரும்பகுதியைக் கிடங்குக்கே இறைத்துவிடும்.

வருடக்கணக்கில் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் இடது மேலறை விரிகிறது. அப்போது கேம்கே-2 என்ற நொதி மிதமிஞ்சி வேலைசெய்து அந்த மதகில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் மதகு சொட்டுகிறது. சொட்டிய கால்சியத்தை வெளியேற்ற, ஒவ்வொரு கால்சியம் அயனிக்கும் 3 சோடியம் அயனிகளைச் செல் உள்ளே விட வேண்டும். கால்சியத்தின் மின்னேற்றம் 2, மூன்று சோடியத்தின் மின்னேற்றம் 3. ஒவ்வொரு முறையும் ஒரு மின்னேற்றம் உள்ளே மிஞ்சுகிறது. இப்படி மிஞ்சுவது சேர்ந்து, தேவையில்லாத ஒரு துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. இப்படிப்பட்ட துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகள் மேலறையோடு சேரும் இடத்தில் பிறக்கின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். நோய் நீடித்தால் செல் தன் சவ்விலுள்ள கால்சியம் வாயில்களையே குறைத்துக்கொள்ளும். அதனால் மின்தூண்டல் சீக்கிரம் அடங்கி, அது மேலறையிலேயே மறுபடியும் சுற்றிவர இடம்கொடுக்கும். படபடப்பு வரவர நீளமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டில்டியாசெமைக் கால்சியம் தடுப்பு மாத்திரை என்பார்கள். அந்தப் பெயரால்தான் பலரும் குழம்புகிறார்கள். உணவிலுள்ள கால்சியத்தை அது தடுப்பதில்லை, சொட்டும் மதகையும் அடைப்பதில்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கணுவில் தூண்டல்களை மட்டுப்படுத்தி நாடித்துடிப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் இறைக்கும் திறன் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை கூடாது. ரத்த அழுத்தத்துக்காக வேறொரு மருத்துவர் மெட்டோபுரோலால் அல்லது அட்டெனோலால் எழுதினால், டில்டியாசெம் சாப்பிடுவதை உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் நாடி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நாடி 50க்குக் கீழே போய்த் தலைசுற்றினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கணுக்கால் வீங்கினாலும் சொல்லுங்கள்.

கசிவைத் தூண்டும் காரணங்களைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே இருக்கட்டும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம், ஏனென்றால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மேலறையை நேரடியாகப் பாதிக்கிறது. உடல் பருமன் இருந்து, எடையில் 10 சதவீதம் குறைப்பவர்களுக்குப் படபடப்பு வருவது நன்றாகவே குறைகிறது. தைராய்டு பரிசோதனை செய்யாமல் இருந்தால் செய்துவிடுங்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபானை மட்டும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். செலவைக் குறைக்க ஒரு வேளை மட்டும் போடும் பழக்கமும் வேண்டாம். அதன் வீரியம் சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், இரண்டு வேளை தருவதே அதனால்தான். உங்கள் வயதும் ரத்த அழுத்தமும் சேரும்போது, மேலறையில் கட்டும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் அபாயம் நிஜமானது.

கால்சியம் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. எலும்புக்காக வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி சாப்பிடச் சொல்லியிருந்து, குறிப்பிட்ட வாரங்கள் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்கிறீர்களா? அப்படியானால் ரத்தத்தில் கால்சியம் உண்மையிலேயே ஏறியிருக்கலாம். ஒருமுறை பரிசோதியுங்கள். 10.5க்கு மேலே இருந்தால் அந்த மருந்தையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவைத்து, பாராதைராய்டு ஹார்மோனையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவரானால் அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

முகம் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு கை அல்லது கால் மரத்துப்போதல், மயக்கம், நெஞ்சுவலி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.