ஓலை வாசித்து மூன்று மாதம் தாண்டினால்

ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு (banns). மூன்று மாதம் தாண்டினால் மறுபடியும் வாசிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; வாசிக்கத்தான் வேண்டும். மூன்றாவது ஓலை வாசித்தது மார்ச் 1ஆம் தேதி, கல்யாணமோ மே மாதத்திலிருந்து ஜூன் 20க்குத் தள்ளிப்போய்விட்டது என்கிறீர்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் ஓலை வாசித்து முடித்ததிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும். ஓலைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதே, போதாதா என்றால் போதாது.

பெரும்பாலும் கோட்டை விடுவது இன்னொரு பங்கில்தான் (பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி, parish). மாப்பிள்ளை வேறு பங்கில் குடியிருந்தால் அங்கேயும் வாசித்திருப்பார்கள், அதன் சான்றிதழைத்தான் உங்கள் குருவானவர் கேட்பார். அந்தத் தாளை எடுத்து மூன்றாவது தேதியைப் பாருங்கள். அதுவும் காலாவதி என்றால் இரண்டு இடத்திலும் இன்றே சொல்லிவிடுங்கள். மூன்று ஞாயிறும் அடுத்தடுத்து வர வேண்டும் என்று சட்டம் இல்லை, அதனால் நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் பதற வேண்டாம். (என் அக்காவுக்கு ஈஸ்டர் அன்று விட்டுப்போய், வீடே அமர்க்களப்பட்டது.)

ஒன்று மட்டும்: உங்களில் ஒருவர் இந்தியா அல்லது இலங்கைக் குடியுரிமையில் விசாவில் இருப்பவர் என்றால் ஓலையே செல்லாது, எத்தனை முறை வாசித்தாலும். பதிவு அலுவலகத்தில் இருவரும் கல்யாண நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 28 நாள் காத்திருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். அப்படியானால் குருவானவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், தேதியெல்லாம் அப்புறம்.