'தி ஃபேமிலி ஸ்டோன்' படத்தில் மெரிடித்தை அந்த வீட்டில் ஏன் யாருக்கும் பிடிக்கவில்லை?

2005ல் தாமஸ் பெசூச்சா எழுதி இயக்கிய படம். கதையின் முடிச்சைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது, அதனால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஸ்டோன் குடும்பத்து மகன் எவரெட் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு அழைத்து வரும் காதலிதான் மெரிடித் (சாரா ஜெசிகா பார்க்கர்). அவள் மேல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எவரெட்டின் தம்பி தாட் (Thad) காது கேளாதவன், தன்பால் ஈர்ப்புள்ளவன்; அவனிடம் சத்தம் போட்டுப் பேசுகிறாள். அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி, தன் பிள்ளை தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருக்க வேண்டும் என்று எந்தத் தாயாவது ஆசைப்படுவாளா என்று அவனையும் அவன் துணைவரையும் எதிரில் வைத்துக்கொண்டே கேட்டு, சமாளிக்கப் போய் இன்னும் இன்னும் மாட்டிக்கொள்கிறாள். ஆனால் எவரெட்டின் தங்கை ஏமி அவளை வந்த நிமிடத்திலிருந்தே கிண்டல் செய்கிறாளே, அது இதற்கெல்லாம் முன்னாடி.

உண்மையான காரணம் அம்மா சிபில்தான் (டயான் கீட்டன்). அவளுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது, அதைப் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. எவரெட் பாட்டியின் மோதிரத்தைக் கேட்கும்போது, தனக்கு இருக்கிற கொஞ்ச நாளில் மகன் பொருந்தாத ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறானே என்ற பயத்தில்தான் தர மறுக்கிறாள்.

அந்த வீட்டாரை முதலில் உண்மையாகப் புரிந்துகொண்டவள் மெரிடித்தான் என்பேன். ஏமியை வயிற்றில் சுமந்திருந்த சிபிலின் பழைய புகைப்படத்தைச் சட்டம் போட்டு எல்லோருக்கும் பரிசாகக் கொடுக்கிறாள் பாருங்கள், அதைப் பிரித்ததும் சிபிலின் முகம் மாறுவதை மட்டும் மறுபடி ஒருமுறை பாருங்கள். அடுத்த கிறிஸ்துமஸில் சிபில் இல்லை, அந்தப் படம் சுவரில் இருக்கிறது.