உருளாத முத்து

அன்புள்ள ஐயா,

கோவா தேவாலயங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ஐரோப்பியக் கலைப்பாணி ஒன்றின் பெயரான ‘பரோக்’ என்ற சொல் ஏழெட்டு இடங்களில் வருகிறது. அது கோணல் முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் என்கிறார் என் நண்பர். ஸ்பானியம் படிக்கும் என் மகளோ ‘பர்ரோக்கோ’ ஸ்பானியம்தான் என்று சண்டைக்கு வருகிறாள். யார் சொல்வது சரி? முத்து என்று காதில் விழுந்ததால் கேட்கிறேன்.

எம்., தூத்துக்குடி

அன்புள்ள எம்.,

இரண்டு பேரும் பாதி சரி. மகளிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க்காரருக்கு முத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டில் விட்டால் ஆணிமுத்து ஓரம்வரை ஓடும். வேறு சில, இரண்டு தள்ளாட்டம் போட்டுவிட்டுப் புடைத்த பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். இந்த ரகத்தைத்தான் போர்த்துகீசியர் ‘பர்ரோக்கோ’ என்றார்கள். கோவாவில் வைத்தியராக இருந்த கார்சியா டா ஓர்ட்டா, 1563-இல் அங்கேயே அச்சான தன் மருந்துச் சரக்கு நூலில், உருண்டையில்லாத, வடிவம் கெட்ட முத்துகளை இப்படிக் குறிக்கிறார். ஸ்பானியர் வாயில் அது ‘பர்ருவேக்கோ’. முகத்து மருவைப் போல இருப்பதால் வந்த பெயர் என்கிறது கோவருபியாஸின் 1611 அகராதி. அழகான விளக்கம்தான், நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

இதுவரை அது பெயர்ச்சொல். பெயரடையாகிப் புகழ் பெற்றது பிரான்சில். 1694-இல் பிரெஞ்சு அகாதமி அகராதி, ‘பரோக்’ என்பது முத்துக்கு மட்டுமே சொல்வது என்று எழுதியது. 1740 பதிப்பில் ஒழுங்கற்ற, விசித்திரமான எதற்கும் அது வசையாகிவிட்டது.

அப்புறம் தத்துவவாதி ரூசோ வந்து குழப்பினார். 1768-இல் வந்த இசை அகராதியில், இந்தச் சொல் தர்க்கப் பாடத்து ‘பரோக்கோ’விலிருந்து வந்திருக்கும் என்றார். அது மாணவர்கள் மனப்பாடம் செய்த ஒரு சூத்திரச் சொல்: எல்லா மீனும் நீந்தும், சில பிராணிகள் நீந்தா, ஆகவே சில பிராணிகள் மீன் அல்ல. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த மாதிரி வாதத்துக்கே அது கேலிப்பெயராகிவிட்டது.

எனக்கு முத்துப் பக்கம்தான் சாய்வு. ஸ்பானிய அரச அகாதமியின் அகராதி இரண்டையும் விடவில்லை. தர்க்கச் சொல்லும் போர்த்துகீசிய முத்தும் கலந்து பிரெஞ்சுச் சொல் ஆயிற்று, அதுவே ஸ்பானியத்துக்கு வந்தது என்கிறது. ஆக, உங்கள் மகள் படிக்கும் ‘பர்ரோக்கோ’ பாரிஸ் போய் உடை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியது.

1680-இல் இறந்த பெர்னினிக்குத் தான் ஒரு பரோக் சிற்பி என்பதே தெரியாது. கலை வரலாற்றாளர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் 1888-இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் வசை மெல்ல அந்தக் கலைப்பாணிக்கு மரியாதையான பெயரானது. முழுக்க மாறிவிடவும் இல்லை; இன்றும் ஒருவருடைய உரைநடையை ஸ்பானியத்தில் ‘பர்ரோக்கோ’ என்றால் அவர் முகம் சுளிக்க வாய்ப்புண்டு.

முத்துக்கு மட்டும் மவுசு குறையவில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘கேனிங் ஜுவல்’ என்ற பதக்கம் இருக்கிறது. பாதி மனிதன், பாதி மீன். அவன் உடற்பகுதி முழுக்க ஒரே கோணல் முத்து. புடைப்பைச் செதுக்காமல் மார்பாக்கியிருக்கிறான் தட்டான்.

சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் நமக்குக் கொடுத்த போர்த்துகீசியர் இதைக் கொடுக்கவில்லை. ‘பரோக்’ நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. சரி, உங்கள் ஊர்ப் பழைய முத்து வியாபாரிகள் உருளாத முத்தை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.